ராசுவுக்கு நான் ஆகாதவன் ஆன கதை

குதிரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் திருப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டீக்கடை பெஞ்சில் புது ஆள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் முதல் கேள்வியே இதுதான்.

"ஏனுங்க, எந்தக் கம்பெனில இருந்தீங்க? கட்டிங்குங்களா, செக்கிங்குங்களா?"

"குதிரைங்க." செக்கிங்கில் இருந்த கடைசி வருடங்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

"குதிரை பிராண்டா? அப்படி ஒரு பனியன் கேள்விப்பட்டதில்லீங்களே!"

விளக்கிச் சொல்வதற்குள் டீ ஆறிவிடும். அதனால் இப்போதெல்லாம், "வெளிநாட்டுக்கு மட்டும் போறதுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். எழுவதில் எனக்குச் சிரமமே இல்லை, உட்காருவதுதான் வரவில்லை. குதிரைக்குப் பக்கத்தில் நின்றே பழகிய கால், உட்கார்ந்தால் ஏதோ தப்பு செய்துவிட்டதைப் போல ஆடத் தொடங்குகிறது. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடக்கிறேன். "செக்கு மாடாட்டம் ஏனுங்க சுத்தறீங்க?" என்கிறாள் என் வீட்டுக்காரி. மாடு என்று அவள் சொல்வதுதான் எனக்கு வருத்தம். குதிரை என்றாலாவது பொறுத்துக்கொள்வேன்.

இதை எழுத வைத்தது எங்கள் குதிரைப் பண்ணையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள். பந்தயத்திலிருந்து புதிதாக ஓர் ஆண்குதிரை இனப்பெருக்கத்துக்கு வந்திருக்கிறதாம். பெட்டையைக் கொண்டுபோய் நிறுத்தினால் சுவரைப் பார்க்கிறதாம். "ராசு விசயத்துல என்னதானுங்கண்ணா நடந்துச்சு?" என்று ஆளாளுக்கு ஃபோன் செய்கிறார்கள். நான் சொல்லச் சொல்லச் சிரிக்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் ஒருமுறை சிரித்துவிட்டு மறுமுறை யோசிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

நான் குன்னத்தூர்க்காரன். மீசை முளைக்கும் முன்பே, ஜாக்கி ஆகப்போகிறேன் என்று சென்னைக்கு ரயிலேறினேன். ஒல்லியாகவும் குள்ளமாகவும் இருந்தேன். தகுதி என்று பார்த்தால் அவ்வளவுதான். சென்னைக்குப் போன அந்த வருடமே மளமளவென்று வளர்ந்து தொலைத்தேன். குதிரைக்கு மேலே உட்காரப் போனவன், குதிரைக்குக் கீழே உட்கார்ந்து குளம்பு துடைக்க ஆரம்பித்தேன். அதற்கடுத்த பத்துப் பதினைந்து வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தி அள்ளினேன், உடம்பு தேய்த்துவிட்டேன், கையில் பிடித்து நடத்திப் போனேன். நான் பிடித்த குதிரைகள் பெரும்பாலும் கடைசியில் வந்தன. அதில் என் பங்கு என்னவென்று யாரும் கேட்டதில்லை.

பிறகு பெங்களூரில் இருந்தபோது ராசு வந்தான்.

அவனுடைய பந்தயப் பெயர் சிங்கிள் ஜெர்சி. முதலாளி சென்னியப்பன் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர். அவருக்குத் துணியைத் தவிர வேறு பெயர் தோன்றாது. லாயத்தில் நாங்கள் ராசு என்று கூப்பிட்டோம். செவலை நிறம், நெற்றியில் வெள்ளை, பின்பக்கம் மட்டும் இரண்டு குதிரைக்கு உண்டான சதை. ஆயிரம் மீட்டர், ஆயிரத்து இருநூறு மீட்டர், அதோடு சரி. அதற்கு மேல் ஒரு அடி ஓடச் சொன்னால் சலிப்புத் தட்டி வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவான். ஆனால் அந்த ஆயிரத்துக்குள் அவனைப் பிடிக்க ஆளே இல்லை. கதவு திறந்ததும் மற்ற குதிரைகள் என்னவென்று யோசிப்பதற்குள் இவன் பாதி தூரம் போயிருப்பான். முதலாளி திருப்பூரிலிருந்து அத்தனை தூரம் கார் ஓட்டி வந்து, ஒரு நிமிடம்கூட ஓடாத பந்தயத்தைப் பார்த்துவிட்டு, அதே தூரம் திரும்பிப் போவார். முகத்தில் மட்டும் பழனிக்குப் போய்வந்த களை இருக்கும்.

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் குதிரைக்கும் மரியாதை கொடுப்பார். "சாப்புட்டீங்களா சாமி?" என்று ராசுவைத்தான் முதலில் கேட்பார், அப்புறம்தான் என்னை. கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். ஒரு கட்டிங் மாஸ்டரை வேலையைவிட்டு அனுப்பிய அன்று, வாசல்வரை கூடவே வந்து, கும்பிட்டு, அவர் செருப்பைத் திருப்பி வைத்தார் என்று கம்பெனியில் இன்றும் சொல்வார்கள். அதனால் முதலாளி நம்மிடம் அதிகம் குழைந்தால், நாம் செருப்பைத் தேட ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பயிற்சியாளர் அதற்கு நேரெதிர். பட்டாளத்தில் இருந்தவர், மேஜர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருக்கு ராசுவிடம் ஒரே ஒரு குறை. பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். அங்கே ஒரு பெட்டைக் குதிரை கடந்து போனால் ராசு கழுத்தை வளைத்து, நெஞ்சை நிமிர்த்தி, ஊரே திரும்பிப் பார்க்கும்படி கனைப்பான். பந்தயத்துக்கு வேண்டிய வேகத்தில் பாதி அங்கேயே செலவாகிவிடும்.

"நோ ரொமான்ஸ்!" என்று மேஜர் என்னைப் பார்த்துக் கத்துவார், நான்தான் கனைத்ததைப் போல. "ரேஸ் முடியற வரைக்கும் அவன் சாமியார். புரியுதா? அது உன் வேலை."

அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன். அவன் பெட்டையைப் பார்த்து மூக்கை விரித்ததும், தொண்டையைச் செருமி 'க்ஹ்ம்' என்று ஒரு சத்தம் கொடுத்து, மூக்கின் மேல் கிடக்கும் சங்கிலியைச் சுண்டுவேன். அடுத்த மாதம் சங்கிலி தேவைப்படவில்லை, சத்தம் மட்டும் போதும். அதற்கடுத்து சத்தமும் வேண்டாம். நான் கொஞ்சம் விறைப்பாக நின்றாலே தலையைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் ஒட்டி நடப்பான். மற்ற லாயத்துக்காரர்கள், "குதிரையை இல்ல, மாப்பிள்ளைய வளத்துருக்கான்யா!" என்று பொறாமைப்பட்டார்கள். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை.

மூன்று பருவம் அவன்தான் ராஜா. அப்புறம் முன்னங்கால் நரம்பு வீங்கிக்கொண்டது. இனி ஓட வேண்டாம், இனப்பெருக்கத்துக்கு விடலாம் என்று முதலாளி முடிவு செய்தார். கொமரலிங்கத்துக்குப் பக்கத்தில், அமராவதி வாய்க்கால் பாயும் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு பண்ணை அமைத்தார். லாரியில் ராசுவோடு நானும் வந்து இறங்கினேன். சுற்றிலும் காற்றாலைகள். ராசு முதல் வாரம் முழுக்க அவற்றின் இறக்கைகளைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே குதிரை மசால் தழையைத் தின்றான்.

மாசி பிறந்தால் சீசன். ஆனி வரைக்கும் போகும். முதல் நாளை முதலாளி ஒரு விசேஷமாகவே நடத்தினார். நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, ராசுவுக்குச் சந்தனம் பூசி, ஆளுயர மாலை போட்டார். கிடா வெட்டி விருந்து. மடத்துக்குளம், உடுமலைப் பக்கத்து உறவுக்காரர்கள் எல்லாம் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். நான் புது வேட்டியில் ராசுவைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மாலை, கூட்டம், கைதட்டல், பக்கத்தில் நான். ராசுவுக்கு இது தெரிந்த விஷயம். பந்தயம் ஜெயித்துவிட்டோம், போட்டோ எடுப்பார்கள், வீட்டுக்குப் போகலாம். நான்கு காலையும் சரியாக வைத்து, தலையை நிமிர்த்தி, ஃபோன்கள் இருந்த பக்கம் பார்த்து அசையாமல் நின்றான். பெட்டை அவனுக்கு முன்னால் வாலை ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தது. ராசு மாலையில் ஒரு கடி கடித்து மென்றான்.

"மொத நாளுங்க, வெக்கப்படறாரு," என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அடுத்த முறையிலிருந்து கூட்டத்தைத் தடுத்தது டாக்டர் ஜெசிந்தா. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், உடுமலையில் கால்நடை மருத்துவம் பார்த்தார். என்னைவிட வயதில் சின்னவர். வந்த அன்றே, "அண்ணாச்சி, இது கலியாண மண்டபம் இல்ல. வேலைக்கு வேண்டியவங்க மட்டும் நிக்கட்டும்," என்று சொல்லி முதலாளியின் மைத்துனரையே வெளியே அனுப்பினார்.

அவர் சொன்னபடி எல்லாம் முறையாக நடந்தது. முதலில் ஓர் ஆண் மட்டக்குதிரையைக் கொண்டுவந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்துவோம். பெட்டைக்கு இஷ்டமா, உதைக்குமா என்று அவனை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். பாவம், கல்யாணத்துக்குக் கல்யாணம் பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஜீவன். பெட்டை தயார் என்றதும் வால் மயிரைத் துணியால் சுற்றி, பின்பக்கத்தை வெந்நீரில் கழுவி, உதைத்தாலும் அடிபடாமலிருக்க பின்னங்குளம்புகளுக்குத் தோல் உறை மாட்டுவோம். தரையில் தேங்காய் நார்த்தூள் மெத்தென்று பரப்பியிருக்கும். பெட்டையின் தலையை ராம்தீன் பிடிப்பான். பீகார்க்காரன், வந்த ஒரு வருடத்தில் நம்மைவிட அதிகமாக 'ங்க' போடப் பழகியவன். ராசுவை நான் பிடிப்பேன்.

ராசு வருவான். ஒரு நொடி கழுத்து வளையும், மூக்கு விரியும். அவ்வளவுதான். தலை தாழும். என் தோளுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றுகொள்வான்.

பெட்டையை மாற்றினோம். காலையை மாலையாக்கினோம். ரத்தம், விந்து எல்லாம் பரிசோதித்தார் டாக்டர். குறை ஒன்றும் இல்லை. முருங்கைக்கீரை, முளைகட்டிய பச்சைப்பயறு, ஊறவைத்த கொள்ளு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாவற்றையும் தின்று ராசு பளபளவென்று ஆனானே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

"மாட்டுக்கு ஊசி போட்டுத்தானுங்க கன்னு புடிக்கறோம்? இவருக்கு மட்டும் ஏனுங்க முடியாது?" என்று கேட்டார் முதலாளி.

"பந்தயக் குதிரைக்கு அது செல்லாது. நேரடியாச் சேந்து பொறந்தாத்தான் குட்டிய ஓட விடுவாங்க," என்றார் டாக்டர்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. வெளியூரிலிருந்து பெட்டைகளை அனுப்பியவர்கள் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருநாள் முதலாளி வந்தார். எனக்கு நாற்காலி எடுத்துப்போட்டு, "உக்காருங்கண்ணா," என்றார். என்னை அவர் அண்ணா என்று சொன்னதே இல்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நானும் எத்தன நாளுக்குங்கண்ணா ஒறம்பரை சனத்துக்குப் பதில் சொல்றது? வைகாசி முடியட்டுமுங்க. அதுக்குள்ள ஆகலீன்னா காயடிச்சு மலைக்குக் குடுத்தரலாமுங்க. ஏரியச் சுத்தி டூரிஸ்டுகள ஏத்தறவங்க கேக்கறாங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

பிறகு ராசுவிடம் போய்க் கும்பிட்டார். எனக்கு அந்தக் கட்டிங் மாஸ்டரின் செருப்பு ஞாபகம் வந்தது.

கண்ணை மூடினால் ராசு தெரிந்தான். கதவு திறந்ததும் பறந்தவன், ஏரிக்கரையில் ஒரு குண்டுப் பையனைச் சுமந்துகொண்டு, சோளக்கதிர் வண்டிக்குப் பக்கத்தில் தானாக நின்று, செல்ஃபிக்குத் தலையைக் கொடுத்தான். பண்ணையை ராப்பகலாகச் சுற்றி வந்தேன். மற்றவர்கள் வைத்தியம் சொன்னபோது சிரித்தவன், அன்று முதல் நானே ஐயனாருக்கு மண்குதிரை வேண்டிக்கொண்டேன். குதிரைக்காகக் குதிரையே வேண்டிக்கொண்டவன் உலகத்தில் நான்தான்.

வைகாசி முதல் வாரம். பெட்டை தயாராக நின்றது. ராசு வழக்கம்போல வந்தான், கழுத்தை வளைத்தான், தாழ்த்தினான். டாக்டர் மூலையில் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கவனிச்சியளா? இவன் காது பெட்டைப் பக்கம் போகுது, ஒடனே ஒங்க பக்கம் திரும்புது. அப்புறந்தான் தலையத் தொங்கப் போடுதான்." கொஞ்சம் யோசித்தார். "ரேஸ்ல இவன் பொட்டையப் பாத்துக் கனைச்சா நீங்க என்ன செய்விய?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைசியில் ஒருத்தராவது என் தொழிலைப் பற்றிக் கேட்கிறார்களே! ராசுவைப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டு, நாலடி தள்ளி வந்து, மேஜர் முன்னால் நிற்பதைப் போல விறைத்து நின்று, தொண்டையைச் செருமினேன்.

"க்ஹ்ம்."

ராசுவின் தலை தொப்பென்று இறங்கியது. மூக்கு நார்த்தூளைத் தொட்டது. கண் மட்டும் என்னைப் பார்த்தது, சரியாகச் செய்தேனா என்பதைப் போல.

ராம்தீன் டாக்டரைப் பார்த்தான், டாக்டர் என்னைப் பார்த்தார். பெட்டைகூடத் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு இன்னும் புரியவில்லை, பாராட்டுக்காகச் சிரித்துக்கொண்டே நின்றேன்.

"இவனுக்கு நோயெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி," என்றார் டாக்டர் மெதுவாக. "இவனுக்கு நீங்கதான் இருக்கிய. பக்கத்துல நீங்க நிக்கிற வரைக்கும் இவனுக்கு ரேஸ் முடியல."

முதலில் என்னைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திப் பார்த்தார்கள். ராசு பெட்டையை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்துக் கொண்டே நின்றான். பண்ணையின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். என் பைக் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் மறந்து வேலிக்கு ஓடி வந்தான். டாக்டர் முதலாளியைக் கூப்பிட்டுப் பேசினார். பேச்சு முடிந்ததும் முதலாளி என்னிடம் வந்தார்.

"திருப்பூருக்கு வந்துருங்க. கம்பெனில பாத்துக்கலாம்."

அண்ணா போடவில்லை. அதுவே பெரிய ஆறுதல். ஆனால் தவணையும் மாறவில்லை. வைகாசி முடிவுதான்.

ராசுவிடம் சொல்லிக்கொள்ளாமல், அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ராம்தீன் கையில் பிரஷைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

கம்பெனியில் என்னைச் செக்கிங்கில் போட்டார்கள். பெரிய மேசை, குழல் விளக்கு, மலைபோல டி-சர்ட். ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க்கறை இருக்கிறதா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் தண்டனை. துணியைத் தடவும்போது கை தானாக, குதிரையைத் தேய்ப்பதைப் போல, மயிர் வாக்கில்தான் போனது. நான் பாஸ் செய்த பீஸ் எல்லாம் திரும்பி வந்தது. பக்கத்தில் செல்வி என்று ஒரு பெண், சாத்தான்குளத்துப் பிள்ளை. "மாமா, துணியப் பாக்கச் சொன்னா நீங்க ஏன் சன்னலயே பாக்கிய? குதிரையா வருது?" என்றாள். தெரியாமல்தான் சொன்னாள். நான் கழிவறைக்கு எழுந்து போனேன். ஒரு நாளில் நான் போன தடவையைப் பார்த்து, சூப்பர்வைசர் எனக்குச் சர்க்கரை நோய் என்றே முடிவு கட்டிவிட்டார்.

ராம்தீனுக்கு வேளைக்கு ஒரு ஃபோன்.

"ராசு சாப்புட்டாங்களா?"

"சாப்புட்டாங்க அண்ணா. ஆனா கதவு பாத்துட்டே சாப்புட்டாங்க."

ஒருநாள் அவன் பாசத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டான். என் குரலைக் கேட்டதும் ராசு காதை நட்டு, கொட்டகை முழுக்கச் சுற்றி என்னைத் தேடியிருக்கிறான். அன்றைக்கு வேலை கெட்டது. டாக்டரே கூப்பிட்டார். "அண்ணாச்சி, அவன் மேல பிரியம் இருந்தா இனிமே ஃபோன் பண்ணாதிய." வைத்துவிட்டார்.

அதன்பின் ஒரு சேதியும் இல்லை. காலண்டரைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து, பக்கத்து மேசைக் காலண்டரை எட்டிப் பார்த்தேன். யாராவது முதலாளி அறையிலிருந்து வந்தால் முகத்தைப் படித்தேன். டவுன்ஹால் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் எலும்பும் தோலுமாக ஒரு குதிரை போனதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டு வீடுவரை நடந்தேன்.

வைகாசி முடிய சில நாட்களே இருந்தன. மத்தியானம் செக்கிங், கட்டிங், பேக்கிங் எல்லாப் பிரிவுக்கும் தட்டுத் தட்டாக ஜாங்கிரி வந்தது.

"என்ன விசேசமுங்க?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

தட்டோடு பின்னால் முதலாளியே வந்துகொண்டிருந்தார். "நம்மூட்டு மாப்பிள்ளைக்குங்க," என்றார். என்னைப் பார்த்தார். "ரெண்டு நாளு சேந்தாப்பல. டாக்டரம்மா நேத்தே சொல்லீட்டாங்க, நான்தான் நம்பாம இன்னொருக்கா பாத்துப்போட்டுச் சொல்லலாம்னு இருந்தனுங்க."

இரண்டு ஜாங்கிரி தின்றேன். ஒன்று சந்தோஷத்துக்கு. மற்றது எதற்கென்று தெரியவில்லை. செல்வி மூன்றாவதையும் என் தட்டில் வைத்து, "ஏன் மாமா கண்ணு கலங்குதிய? இனிப்பு ஆகாதா?" என்றாள்.

அந்தக் கடைசி நாட்களில் ராசு விட்டதையெல்லாம் பிடித்தான். ஆயிரம் மீட்டர்க்காரன், கதவு திறந்துவிட்டால் அவ்வளவுதானே! திருப்பிக் கொண்டுபோன பெட்டைகளை எல்லாம் மறுபடி லாரியில் ஏற்றி வந்தார்கள். அவன் குட்டிகள் பின்னாளில் அப்பனைப் போலவே சுருக்கமாக ஓடி ஜெயித்ததையெல்லாம் செக்கிங் மேசையிலிருந்து செல்ஃபோனில்தான் பார்த்தேன். ஏன் அங்கிருந்து பார்த்தேன் என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சீசன் முடிந்ததும் முதலாளி கூப்பிட்டார். "இனி அவருக்குப் பழகிருச்சுங்க. நீங்க பண்ணைக்கே போயிருங்க. அடுத்த மாசியில இருந்து நீங்களே புடிங்க." டாக்டர் மட்டும், "மொதல்ல போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றாராம். நான் அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டி படுக்கையைக் கட்டி முதலாளி வண்டியிலேயே ஏற்றினேன். வழியெல்லாம் சீட்டு நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆடிக்காற்று. வேலிக்குப் பக்கத்தில் நான் போவதற்கு முன்பே என் வாடை போயிருக்க வேண்டும். ராசு மைதானத்தின் மறுமுனையிலிருந்து, கால் வீங்கியதெல்லாம் யாருக்கு என்பதைப் போல ஓடி வந்தான். வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி, என் சட்டைப் பையை மோந்து, தலையைத் தூக்கி என் தோளில் வைத்தான். கனமான தலை. நான் அப்படியே நின்றேன். அன்றைக்கு என் கால் ஆடவில்லை.

தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டை கனைத்தது.

ராசுவின் தலை எழுந்தது. காது அங்கே திரும்பியது, மூக்கு விரிந்தது, நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்தான். அப்புறம் காது என் பக்கம் திரும்பியது. இழுத்த காற்றை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

நான் சத்தம் போடவில்லை. அசையவில்லை. ஆனால் அசையாமல் நிற்பதும் அவனுக்கு உத்தரவுதான். 'கூடாது' என்பதற்கு எங்கள் இருவருக்கும் ஒரு சத்தம் உண்டு, ஒரு நிற்கும் விதம் உண்டு. 'ஆகட்டும்' என்பதற்கு எதையும் நாங்கள் பழகியிருக்கவில்லை. அவன் தலை மெல்லத் தாழ்ந்து மறுபடி என் தோளுக்கு வந்தது.

கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு தோளை விலக்கிக்கொண்டு நடந்தேன்.

வாசலில் முதலாளி டிக்கியைத் திறந்து வைத்திருந்தார். "பெட்டிய எங்கீங்க எறக்கறது?"

"வண்டியிலயே இருக்கட்டுங்க. செக்கிங்குல பீஸு நெறையக் கெடக்குதுங்க."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். டிக்கியை மூடினார்.

அப்போதுதான் பின்னால் ராசு கனைத்தான். தோப்பு முழுக்கக் கேட்டது. தோப்புக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. நான் திரும்பாமல் கார் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன்.